சிறு மகிழுந்தில் மிதிவண்டி

மாருதி 800, ஆல்டோ போன்ற சிறு மகிழுந்துகளின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர்தான். பெரியவர் ஓட்டும் மிதிவண்டியோ ஏறக்குறைய 1.7 மீட்டர் நீளமுடையது. எனினும் இதனை அதனுள் அடக்க வழி உண்டு.

முதலில் மகிழுந்தின் பின்னிருக்கையை மடித்தல் வேண்டும். நால்வர் குடும்பமாயின் இருவர் பேருந்தில் வரவேண்டியதுதான்! பின்னர், அச்சின் இருபுறமும் உள்ள நட்டுகளை ஸ்பானரால் தளர்த்தி முன்சக்கரத்தைக் கழற்றினால், வண்டியின் நீளம் 30 சென்டிமீட்டர் அளவிற்குக் குறையும். போதாவிடில் பின்சக்கரத்தையும் கழற்றலாம். சங்கிலியின் எண்ணெய் கையில் படியும், அவ்வளவே. கைப்பிடியைத் திருப்பி, சங்கிலி உள்ள பக்கம் மேலாக இருக்குமாறு, பழந்துணியின்மேல் வண்டியைக் கிடத்துதல் நன்று.

அத்துடன் பணி முடிந்ததாகப் பலர் கருதுவர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து திடீரென நின்றால், கட்டப்படாத மிதிவண்டி அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் அதன் வழியில் இருக்கிறார். ஆகவே சட்டத்தையும் கழற்றிய சக்கரங்களையும் தனித்தனியே கயிற்றால் இறுகக் கட்டுதல் இன்றியமையாதது. வண்டிக்கு அருகில் எஞ்சிய இடத்தில் குழந்தையை அமர்த்துதல் கூடவே கூடாது.

ஊர் சேர்ந்ததும் சிறுவர் உடனே ஏறி ஓட்ட விரும்புவர். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கி, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்த பின்னரே ஏறுதல் வேண்டும்.