முதியோரைப் பேணும் முறைமை

முதுமை ஒருவர் செய்த குற்றமன்று. நெடுநாள் உழைத்த உடல் இயல்பாக எய்தும் நிலையே அஃது. ஆயினும், உழைப்பு ஓய்ந்தவுடன் மதிப்பும் ஓய்ந்ததாகக் கருதும் வழக்கம் உலகில் உண்டு. முதியோரைப் பேணுதல் நாம் இடும் தருமமா, அன்றி அவர்க்குரிய உரிமையா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியை எடுத்துக்கொள்வோம். பட்டுக் கைத்தறி நெசவில் வீடே தொழிற்சாலையாகும். ஒருவர் தறிக்குழியில் அமர்ந்து மிதியை மிதிக்க, மற்றொருவர் அறுந்த இழையைப் பிணைக்க, வேறொருவர் இராட்டையில் தார் சுற்றுவர். கண் மங்கி, முழங்கால் தளர்ந்து, தறியை விட்டு எழுந்த முதியவரும் தார் சுற்றிக் குடும்பத்தின் உழைப்பிற் பங்குகொள்ளலாம். ஆனால் அவ்வேலைக்குரிய கூலி தனியே அவர் கைக்கு வருவதன்று. சேலையின் கூலியோடு கலந்தே வரும். ஆதலால் உழைத்தும் அவர் 'சும்மா இருப்பவர்' என எண்ணப்படுதல் எளிது. அன்றியும், வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், உறைவிடமும் தொழிலிடமும் ஒருங்கே அவர் கையை விட்டு நீங்கும்.

இந்நிலைக்குப் பரிகாரம் யாது? 2007ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை இயற்றிற்று. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகிய யாவும் பராமரிப்பு என்னும் சொல்லில் அடங்கும். தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் தம் மக்களிடமும், மக்களில்லாத மூத்த குடிமக்கள் தம் சொத்துக்கு உரியவராகும் உறவினரிடமும் ஜீவனாம்சம் கோரலாம். சட்டம் மாதத்திற்கு 10,000 ரூபாயை உச்ச அளவாக வைத்துளது. நம் மாநிலத்தில் இவ்வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்திற்கு வருவாய்க் கோட்டாட்சியரே தலைவர். ஆரணியிலேயே அவ்வலுவலகம் இருத்தலின், நெசவாளர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. முதியோரைக் கைவிடுவார்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும்.

சட்டத்தின் 23ஆம் பிரிவு மிகவும் கருதற்பாலது. தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு முதியவர் சொத்தைக் கொடுத்திருக்க, பெற்றவர் பேணத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. நாகப்பட்டினத்துத் தாயொருவர் தம் ஒரே மகனுக்குச் சொத்தை எழுதிக்கொடுத்தார். மகன் காலமான பின் மருமகள் தம்மைப் பேணவில்லையென்று அவர் கோட்டாட்சியரிடம் முறையிட, பத்திரம் ரத்தாயிற்று. பேணும் நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படவில்லையே என்னும் வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் ஏற்கவில்லை. அன்பினால் கொடுத்தேன் என்பதிலேயே அந்நிபந்தனை அடங்கியுளது என்று கொண்டது. எனினும், நிபந்தனை இருந்ததென நிறுவப்படல் வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியிருத்தலால், அதனைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவித்தலே அறிவுடைமை.

சோறும் கூரையும் அளித்தால் கடமை முடிந்ததா? இல்லை. 1991ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை முதியோர்க்கான பதினெட்டு நெறிகளை ஐந்து தலைப்பின்கீழ் வகுத்தது. சுயாதீனம், பங்கேற்பு, பராமரிப்பு, தன்னிறைவு, கண்ணியம் என்பனவே அவை. ஐந்தனுள் பராமரிப்பு ஒன்று மட்டுமே என்பதை நோக்குக. இல்லங்களிலும் மருத்துவ நிலையங்களிலும் வாழும் முதியோர்க்கும் தனிமையும், சமயப்பற்றும், தம் பராமரிப்பைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமையும் உண்டென அந்நெறிகள் வற்புறுத்துகின்றன.

இவை நடைமுறையில் சிறிய செயல்களே. நீராட்டும்போது திரையிடுதல், கொடுக்கும் மருந்து இன்னதென அவர்க்கே விளக்குதல், உதவித்தொகையை அவர் கையிலேயே தருதல், அவரை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப்பற்றிப் பிறரிடம் பேசாதிருத்தல், வேறிடம் மாற்றுமுன் அவர் விருப்பத்தைக் கேட்டல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவு மிகுதியாக வேண்டுவதில்லை. இவற்றை மறுக்கும் வீடு, எத்துணைச் சோறிட்டாலும், முதியோர்க்குச் சிறையே ஆகும்.

மாணவர்காள், இதில் நமக்கும் பணி உண்டு. எழுத்தறியாத பாட்டனாரும் பாட்டியாரும் கைந்நாட்டு வைக்குமுன் பத்திரத்தை அவர்க்குப் படித்துக் காட்டலாம். கோட்டாட்சியர்க்கு மனு எழுதித் தரலாம். 14567 என்னும் முதியோர் உதவித் தொலைபேசி எண்ணை அண்டை வீட்டார்க்கு அறிவிக்கலாம். இவ்வுதவிகளை இரக்கத்தால் தருவதாக எண்ணாது, அவர்க்கு நாம் பட்ட கடனைத் தீர்ப்பதாகவே எண்ணிச் செய்வோமாக.