ஃபண்ட் எவ்வளவு சுத்துது? டர்ன்ஓவர் என்ற எண்ணைப் படிப்பது எப்படி

மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகள் மாசாமாசம் ஃபேக்ட்ஷீட் என்று ஒரு பி.டி.எஃப். வெளியிடுவாங்க. அதைத் திறந்ததும் எல்லாரும் பார்ப்பது மூணு வருஷ ரிட்டர்ன். கொஞ்சம் விவரமானவங்க எக்ஸ்பென்ஸ் ரேஷியோவையும் பார்ப்பாங்க. அதுக்குப் பக்கத்துலயே சின்ன எழுத்துல "போர்ட்ஃபோலியோ டர்ன்ஓவர் ரேஷியோ" என்று ஒண்ணு இருக்கும். 0.28, 41%, 312% என்று ஏதாவது போட்டிருப்பாங்க. இந்தக் கட்டுரை அந்த ஒரு எண்ணைப் பத்தி மட்டும்தான்.

எங்க வீடு வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம். அம்மா தையல் மெஷின் வருமானத்துல மாசம் 2,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடலாம்னு விசாரிச்சாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, "மதினி, இந்த ஃபண்டோட டர்ன்ஓவரைப் பாருங்க, 300 சதவீதம். பணத்தைச் சும்மா தூங்க விட மாட்டாங்க. கடையில சரக்கு சுத்துனாத்தானே லாபம்?" என்றார். கேட்கிறதுக்கு ரொம்பச் சரியா இருந்தது. கடையைப் பத்தி அவர் சொன்னது உண்மையும்கூட. அதை அப்படியே ஃபண்டுக்குப் பொருத்தினதுதான் சிக்கல்.

முதல்ல கடைக் கணக்கைப் பார்த்துடுவோம். ஒரு பூக்கடைக்காரம்மா காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல 3,000 ரூபாய்க்கு மல்லி வாங்கி, கட்டி, சாயங்காலத்துக்குள்ள வித்து முடிச்சுடறாங்க. மறுநாள் அதே 3,000 திரும்பவும் மல்லி ஆகுது. பாத்திரக் கடைக்காரர் 10 லட்சத்துக்குச் சரக்கு வச்சிருப்பார், ஆனா ஒரு குத்துவிளக்கு அலமாரியை விட்டு இறங்க ஆறு மாசம் ஆகலாம். போட்ட சொத்தை வச்சு வருஷத்துக்கு எத்தனை மடங்கு விற்பனை செய்றாங்க என்பதுதான் அசெட் டர்ன்ஓவர். மொத்த விற்பனையைச் சராசரி சொத்து மதிப்பால வகுத்தா வந்துடும். பூக்கடையில இது எக்கச்சக்கமா இருக்கும், பாத்திரக் கடையில கம்மியா இருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் பாத்திரக் கடைக்காரர் ஒவ்வொரு பொருள்லயும் அதிக மார்ஜின் வைக்கிறார்.

இந்த ரெண்டையும், அதாவது மார்ஜினையும் டர்ன்ஓவரையும், பெருக்கினா போட்ட சொத்துக்குக் கிடைக்கிற வருமான விகிதம் வரும் என்று 1910-களில் டூபாண்ட் கம்பெனியில கணக்குப் போட்டுக் காட்டினவர் டொனால்ட்சன் பிரவுன். அவர் படிச்சது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். (இ.இ.இ. டிபார்ட்மென்ட் மக்கள் இந்த இடத்துல கைதட்டிக்கலாம்.) எம்.பி.ஏ. புத்தகங்கள்ல இன்னைக்கும் டூபாண்ட் அனாலிசிஸ் என்று இதைத்தான் சொல்லித் தர்றாங்க.

இந்தக் கணக்குல ஒரு விஷயத்தைக் கவனிங்க. சரக்கு ஒரு தடவை சுத்தினா அந்தச் சுற்றுக்குள்ளயே மார்ஜின் இருக்கு. 3,000-க்கு வாங்கின மல்லி பெரும்பாலும் 3,000-க்கு மேலதான் விலை போகும், அதனாலதான் அது வியாபாரம். சுத்தச் சுத்த லாபம் என்பது இதனாலதான் உண்மை.

ஃபண்ட் மேனேஜர் ஒரு ஷேரை வித்துட்டு இன்னொண்ணை வாங்குறப்ப அவருக்கு எந்த மார்ஜினும் உறுதி கிடையாது. இன்றைய மார்க்கெட் விலைக்கு வித்து, இன்றைய மார்க்கெட் விலைக்கே வேற ஒண்ணை வாங்குறார். புதுசா வாங்கினது பழசைவிட நல்லா ஏறினா லாபம், இல்லைன்னா இல்லை. அது பிறகுதான் தெரியும். ஆனா செலவு மட்டும் அன்னைக்கே உறுதி. பூக்கடையில ஒவ்வொரு சுற்றும் மார்ஜினோட வருது, ஃபண்டுல ஒவ்வொரு சுற்றும் பில்லோட வருது. பேர்ல டர்ன்ஓவர் என்ற சொல் பொதுவா இருக்கே தவிர, ரெண்டும் வேற வேற எண்கள்.

நம்ம பாஷையில சொன்னா, டர்ன்ஓவர் என்பது மோட்டாரோட ஆர்.பி.எம். மாதிரி. ஆர்.பி.எம். அதிகமா இருக்கிற மோட்டார் எஃபிஷியன்ட்னு யாராவது வைவாவுல சொன்னா எக்ஸ்டர்னல் என்ன பார்வை பார்ப்பார்! எஃபிஷியன்சிக்கு அவுட்புட்டும் வேணும், இன்புட்டும் வேணும்.

சரி, ஃபண்டுக்கு இதை எப்படிக் கணக்கிடுறாங்க? கடைசி 12 மாசத்துல ஃபண்ட் வாங்கின ஷேர்களோட மொத்த மதிப்பு, வித்த ஷேர்களோட மொத்த மதிப்பு, இந்த ரெண்டுல எது கம்மியோ அதை எடுத்து, சராசரி நிகரச் சொத்து மதிப்பால வகுக்கணும். ஏன் கம்மியானதை எடுக்கணும்? ஒரு ஃபண்டுக்கு மாசாமாசம் புது எஸ்.ஐ.பி. பணம் வந்துகிட்டே இருக்கு. அதை வச்சு வாங்கித்தான் ஆகணும், அது போர்ட்ஃபோலியோவை மாத்துறது ஆகாது. அதே மாதிரி மக்கள் பணத்தை எடுத்தா வித்துத்தான் கொடுக்கணும். சிறிய எண்ணை எடுத்தா இந்த வரத்து, போக்கு எல்லாம் பெரும்பாலும் கழிஞ்சு, மேனேஜர் தானா ஒண்ணை வித்து இன்னொண்ணா மாத்தினது மட்டும் மிஞ்சும். சூத்திரம் சின்னதா இருந்தாலும் நல்ல யோசனை.

ஒரு கணக்கு. சராசரிச் சொத்து 1,000 கோடி. வருஷத்துல வாங்கினது 620 கோடி, வித்தது 400 கோடி. டர்ன்ஓவர் 0.4 மடங்கு, அதாவது 40 சதவீதம். சில கம்பெனிகள் 0.4 என்று போடுவாங்க, சில கம்பெனிகள் 40% என்று போடுவாங்க. ஒப்பிடறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துக்கணும்.

இதைத் தலைகீழாக்கினா இன்னும் சுலபமா புரியும். 1-ஐ 0.4-ஆல வகுத்தா 2.5. அதாவது ஒரு ஷேர் இந்த ஃபண்டுல சராசரியா இரண்டரை வருஷம் தங்குது. சிவில், கெமிக்கல் மக்களுக்கு இது பழகின விஷயம்தான்: தொட்டியோட கொள்ளளவை ஓட்டத்தால வகுத்தா தண்ணி எவ்வளவு நேரம் தங்கும்னு வருமே, அதேதான். 300 சதவீத ஃபண்டுல சராசரித் தங்கல் நாலு மாசம். "நீண்டகால முதலீடு" என்று விளம்பரம் பண்ற ஃபண்டு நாலு மாசத்துல ஷேரை மாத்துதுன்னா, நீண்டகாலம் காத்திருக்கிறது நாம மட்டும்தான்!

ஆனா இது சராசரிதான். பாதி போர்ட்ஃபோலியோ பத்து வருஷமா அசையாம இருந்து, மீதிப் பாதி மட்டும் பம்பரமா சுத்தினாலும் இதே எண் வரலாம்.

இப்ப பில்லைப் பார்ப்போம். டெலிவரி முறையில ஷேர் வாங்கினா 0.1 சதவீதம், வித்தா இன்னொரு 0.1 சதவீதம், பங்குப் பரிவர்த்தனை வரி. எஸ்.டி.டி. என்று சொல்றது இதைத்தான். நம்ம பக்கத்து ஊர் சிவகங்கை எம்.பி.யா இருந்த ப.சிதம்பரம் நிதியமைச்சரா 2004 பட்ஜெட்ல கொண்டுவந்தது. 2004 அக்டோபர் 1-லேர்ந்து அமல். விகிதம்தான் நடுவுல மாறியிருக்கு. வாங்குறப்ப 0.015 சதவீத முத்திரைக் கட்டணமும் உண்டு. புரோக்கரேஜ் ஃபண்டுக்கு ஃபண்டு மாறும், கணக்குக்காக ஒவ்வொரு பக்கமும் 0.05 சதவீதம்னு வச்சுக்குவோம்.

40 சதவீத ஃபண்டு 400 கோடி வித்து அதுக்குப் பதிலா 400 கோடி வாங்குது. எஸ்.டி.டி. 80 லட்சம், முத்திரை 6 லட்சம், புரோக்கரேஜ் 40 லட்சம். மொத்தம் 1.26 கோடி. 1,000 கோடியில இது 0.126 சதவீதம். அதே அளவு ஃபண்டு 300 சதவீதம் சுத்தினா 3,000 கோடி வித்து 3,000 கோடி வாங்குது. பில் 9.45 கோடி, அதாவது 0.945 சதவீதம். வித்தியாசம் வருஷத்துக்கு ஏறத்தாழ 0.8 சதவீதம்.

0.8 தானே என்று தோணும். அம்மாவோட 2,000 ரூபாய் 20 வருஷம் 12 சதவீதத்துல வளர்ந்தா சுமார் 20 லட்சம். 11.2 சதவீதத்துல வளர்ந்தா 17.9 லட்சம். ரெண்டு லட்சத்துக்கு மேல வித்தியாசம். ஒரு ஜாக்கெட் தைக்க என்ன கூலின்னு எனக்குத் தெரியும், அதனால அந்த ரெண்டு லட்சத்தை நான் ஜாக்கெட் கணக்குலதான் பார்க்கிறேன்.

முக்கியமான விஷயம், இந்தப் பில் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுல முழுசா தெரியாது. எஸ்.டி.டி.யும் புரோக்கரேஜும் ஷேர் வாங்கின விலையோடயும் வித்த விலையோடயும் சேர்ந்துடும், அப்படியே என்.ஏ.வி.யில கரைஞ்சு போகும். இதுக்கும் மேல இம்பாக்ட் காஸ்ட் என்று ஒண்ணு இருக்கு. பெரிய ஃபண்டு ஒரு சின்னக் கம்பெனி ஷேரை மொத்தமா வாங்கப் போனா, அது வாங்கி முடிக்கிறதுக்குள்ள அதனாலயே விலை ஏறிடும். இது எந்த ரசீதுலயும் வராது. ஸ்மால்கேப் ஃபண்டுல அதிக டர்ன்ஓவர் பார்த்தா எனக்குக் கூடுதலா உறுத்துவது இதனாலதான்.

ஒரு பக்கக் குறிப்பு: அமெரிக்க யூடியூப் சேனல்கள் பார்க்கிறவங்க "டர்ன்ஓவர் அதிகம்னா டாக்ஸ் அதிகம்" என்று கேட்டிருப்பீங்க. அங்க ஃபண்டு ஷேரை வித்து சம்பாதிச்ச லாபத்தை யூனிட் வச்சிருக்கிறவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும், அவங்க வரி கட்டணும். நம்ம ஊர்ல செபி பதிவு பெற்ற ஃபண்டோட சொந்த லாபத்துக்கு வரி இல்லை, நாம யூனிட்டை விக்கிறப்பதான் நமக்கு வரி. அதனால அந்த வாதத்தை அப்படியே இறக்குமதி பண்ண வேண்டாம்.

அப்ப டர்ன்ஓவர் கம்மியா இருந்தா நல்ல ஃபண்டா? அதுவும் அவ்வளவு நேரா இல்லை. 1997-ல மார்க் கார்ஹார்ட் அமெரிக்க ஃபண்டுகளை ஆராய்ஞ்சு, டர்ன்ஓவர் கூடக் கூட ரிட்டர்ன் குறையுதுன்னு எழுதினார். 2017-ல பாஸ்டர், ஸ்டாம்பாக், டெய்லர் மூணு பேரும் வேற மாதிரி கேட்டாங்க: ஒரே ஃபண்டு தன் வழக்கத்தைவிட அதிகமா வாங்கி வித்த பிறகு என்ன ஆகுது? அப்படிப்பட்ட காலங்களுக்குப் பிறகு அந்த ஃபண்டு கொஞ்சம் நல்லாவே செஞ்சிருக்குன்னு அவங்க கண்டாங்க. ரெண்டும் முரண் இல்லை என்பது என் புரிதல். ஃபண்டுக்கு ஃபண்டு ஒப்பிடறது ஒரு கேள்வி, ஒரே ஃபண்டை அதோட பழைய வருஷங்களோட ஒப்பிடறது இன்னொரு கேள்வி. எனக்கு ரெண்டாவதுதான் அதிகமா உதவுது. 30, 35, 28 என்று இருந்த ஃபண்டு திடீர்னு 140-க்குப் போனா, என்ன நடந்துச்சுன்னு தேடணும்.

சில சமயம் பதில் சாதாரணமா இருக்கும். மேனேஜர் மாறியிருப்பார். இல்லைன்னா விதி மாறியிருக்கும். 2017 அக்டோபர்ல செபி ஃபண்டுகளை வகை பிரிச்சு, எந்த வகையில என்ன ஷேர் இருக்கணும்னு வரையறுத்தது. 2020 செப்டம்பர்ல, மல்டிகேப் ஃபண்டுன்னா லார்ஜ், மிட், ஸ்மால் மூணுலயும் குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும்னு சொன்னது. இப்படி விதி வந்தா மேனேஜருக்கு இஷ்டம் இல்லைன்னாலும் வித்து வாங்கித்தான் ஆகணும்.

வகையையும் பார்க்கணும். நிஃப்டி 50 இண்டெக்ஸ் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் திருத்தப்படும், அதனால அந்த ஃபண்டோட டர்ன்ஓவர் கம்மி. ஆனா இண்டெக்ஸ்னாலே கம்மின்னு நினைக்காதீங்க: நிஃப்டி 200 மொமெண்டம் 30-ம் இண்டெக்ஸ்தான், ஒவ்வொரு திருத்தத்துலயும் பெரிய பகுதி மாறும். ஆர்பிட்ரேஜ் ஃபண்டுல 10 மடங்கு பார்த்தாலும் பயப்பட வேண்டாம். ஷேரை இங்க வாங்கி ஃபியூச்சர்ஸ்ல விக்கிறதுதான் அதோட தொழிலே, மாசாமாசம் புதுப்பிக்கணும். ஆர்பிட்ரேஜையும் ஃப்ளெக்ஸிகேப்பையும் டர்ன்ஓவர்ல ஒப்பிடறது பூக்கடையையும் பாத்திரக் கடையையும் ஒப்பிடற மாதிரிதான்.

மறுமுனையில ஒரு விசித்திரம் இருக்கு. 1935-ல அமெரிக்காவுல கார்ப்பரேட் லீடர்ஸ் டிரஸ்ட் என்று ஒண்ணை ஆரம்பிச்சாங்க. 30 பெரிய கம்பெனி ஷேர்களைச் சம எண்ணிக்கையில வாங்கினாங்க. அதுக்கப்புறம் மேனேஜர் புதுசா எந்தக் கம்பெனியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது விதி. கம்பெனி மூடினாலோ, இணைஞ்சாலோ, பிரிஞ்சாலோ மட்டும்தான் பட்டியல் மாறும். எண்பது வருஷத்துக்கு மேல அது ஓடியிருக்கு.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். அந்த 300 சதவீத ஃபண்டோட அஞ்சு வருஷ ஃபேக்ட்ஷீட்டுகளை எடுத்து, அதே வகை இண்டெக்ஸோட ரிட்டர்னைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். என்.ஏ.வி. எல்லாச் செலவும் போன எண் என்பதால, இண்டெக்ஸை அது தாண்டியிருந்தா சுத்தினதுக்குப் பலன் இருக்குன்னு சொல்லலாம். ரெண்டு வருஷம் தாண்டியிருந்தது, மூணு வருஷம் தாண்டலை. அம்மா ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டாங்க. ஏஜென்ட் அண்ணன் இன்னும் வீட்டுக்கு வர்றார், காபி குடிக்கிறார்.

இதே கணக்கை நம்ம ஹாஸ்டலுக்கும் போடலாம். என் ரூம்மேட்கிட்ட டிரேடிங் ஆப்ல சராசரியா 20,000 ரூபாய்தான் இருந்தது. ஒரு செமஸ்டர்ல அவன் டெலிவரியில வாங்கினது 2,80,000, வித்ததும் கிட்டத்தட்ட அவ்வளவே. டர்ன்ஓவர் ஆறு மாசத்துல 14 மடங்கு. எஸ்.டி.டி. 560 ரூபாய், முத்திரை 42 ரூபாய். இந்த ரெண்டு மட்டுமே போட்ட பணத்துல 3 சதவீதம். இன்ட்ராடே பண்றவங்களைப் பத்தி செபி 2024 ஜூலையில ஒரு ஆய்வு வெளியிட்டது. 2022-23-ல பத்துல ஏழு பேருக்கு நஷ்டம். 30 வயசுக்குக் கீழ 76 சதவீதம் பேருக்கு நஷ்டம். வருஷத்துக்கு 500 தடவைக்கு மேல டிரேட் பண்ணவங்கள்ல 80 சதவீதம் பேருக்கு. ரூம்மேட்கிட்ட இதைக் காட்டினேன். "மச்சி, நான் 212 தடவைதான்டா பண்ணியிருக்கேன்" என்றான்.