எந்த மாமா? – வேற்று மொழியில் சாட்சி சொல்லும்போது

1988 அக்டோபர். தில்லியில் ராம்லீலா நாட்கள். எங்கள் அரசுக் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஐந்து வயதுப் பையனை மாலை நான்கு மணியிலிருந்து காணவில்லை. அப்பா வெளியூர் போயிருந்தார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் போலீசாரிடம் பேச என்னை அழைத்தார்கள்.

கூட விளையாடிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்திதான் சாட்சி. "மாமா கூட்டிட்டுப் போனாரு" என்றாள். இந்தியிலும் 'மாமா' உண்டே என்று அந்தச் சொல்லை அப்படியே சொல்லிவிட்டேன். ஏட்டு எழுதிக்கொண்டார்.

இந்தியில் மாமா என்றால் தாயுடன் பிறந்தவர். நம் குழந்தைகளுக்கோ பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர் எல்லோரும் மாமாதான். பையனின் தாய்மாமன் பரீதாபாத்தில் வேலை பார்த்தார். அவரைத் தேடிப் பிடித்து இரவு எட்டு மணிக்கு நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பதினொன்றரைக்கு அடுத்த பிளாக்கில் இருந்த ஒரு 'மாமா', தூங்கும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ராம்லீலா மைதானத்திலிருந்து வந்து சேர்ந்தார். அவர் சொல்லியனுப்பிய செய்தி வீட்டுக்கு வந்து சேரவேயில்லை.

தாய்மாமன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன்பின் அவர் என் வீட்டுப் படி ஏறியதும் இல்லை. அன்றிலிருந்து சாட்சி விசாரணை பற்றி எது கண்ணில் பட்டாலும் படித்துவருகிறேன். உலகமே அறிந்த ஒரு வழக்கை வைத்து அதில் சிலவற்றைச் சொல்கிறேன்.

விடுமுறை ஊரில் ஓர் இரவு

2007 மே 3. போர்ச்சுகல் நாட்டின் தெற்குக் கடற்கரையில் பிரையா ட லூஸ் என்ற சிற்றூர். விடுமுறைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் குடும்பம் ஒன்றின் மூத்த மகள் மேடலின் மக்கான், நான்கு வயது நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது, தங்கியிருந்த அறையிலிருந்து காணாமற்போனாள். பெற்றோரும் ஏழு நண்பர்களும் அருகிலிருந்த உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே வாக்குமூலங்கள் தொடங்கின. சாட்சி ஆங்கிலத்தில் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் போர்ச்சுகீசிய மொழியில் சொல்வார். அதிகாரி அந்த மொழியிலேயே எழுதுவார். கையெழுத்து மட்டும் சாட்சியுடையது. தான் பேசாத மொழியில், தன் பெயரால் ஓர் ஆவணம்!

போர்ச்சுகல் சட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. சாட்சி உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். சந்தேகம் விழுந்துவிட்டால் அவர் 'ஆர்குயிதோ' ஆகிறார். அப்போது வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், பதில் சொல்லாமலும் இருக்கலாம். அது குற்றச்சாட்டு ஆகாது. ஆனால் பிரிட்டனில் அதற்குச் சரியான ஒரு சொல் இல்லாததால், கேட்டவர்கள் காதில் அது 'குற்றவாளி' என்றே விழுந்தது. போலீசாருக்கு மொழிபெயர்த்து உதவிய உள்ளூர்வாசி ஒருவரே அந்த மே மாதம் ஆர்குயிதோ ஆக்கப்பட்டார். செப்டம்பரில் பெற்றோரும் ஆக்கப்பட்டார்கள். 2008 ஜூலையில் மூவர் மீதிருந்த அந்த நிலையும் நீக்கப்பட்டது.

எல்லை தாண்டும் கேள்விகள்

சாட்சிகள் ஊர் திரும்பிய பிறகு என்ன செய்வது? ஒரு நாட்டுப் போலீசார் இன்னொரு நாட்டில் தம் இஷ்டப்படி விசாரிக்க முடியாது. நீதித்துறை வழியாக வேண்டுகோள் கடிதம் அனுப்பவேண்டும். 2008 ஏப்ரலில் அவ்வாறு கடிதம் வர, அந்த நண்பர்களை இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் போலீசார் விசாரித்தார்கள். 2014 ஜூலையில் இது தலைகீழாக நடந்தது. பாரோ நகரில் லண்டன் போலீசார் விரும்பிய கேள்விகளைப் போர்ச்சுகல் போலீசார் கேட்டார்கள். நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது: 1990-இல் சேர்க்கப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டம் 166-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவு.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. கேள்வி முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. "எந்த மாமா?" என்று அந்தக் கணத்தில் தோன்றுகிற துணைக்கேள்விக்கு அதில் இடம் குறைவு.

நேர்மையான சாட்சியும்...

அன்று இரவு சுமார் 9.15 மணிக்கு ஒருவர் குழந்தையைத் தூக்கிச் சென்றதை நண்பர்களில் ஒருவர் பார்த்தார். பல ஆண்டுகள் அந்த உருவத்தைத் தேடினார்கள். 2013 அக்டோபரில் லண்டன் போலீசார், அவர் இரவுக் காப்பகத்திலிருந்து தன் சொந்தக் குழந்தையைத் தூக்கிச் சென்ற தகப்பனாகவே இருக்கவேண்டும் என்றார்கள். பார்த்தவர் பொய் சொல்லவில்லை. பார்த்தது ஒன்று, கேட்டவர்கள் அதற்குக் கொடுத்த பொருள் வேறொன்று.

கேள்வியில் உள்ள ஒரு சொல்லே நினைவை மாற்றும் என்று 1974-இல் எலிசபெத் லாப்டஸ், ஜான் பால்மர் இருவரும் அமெரிக்காவில் காட்டினார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் போட்டார்கள். ஒரு பகுதியினரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு பகுதியினரிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" என்றார்கள். 'நொறுங்கிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். 'இடித்த' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

ஆகவேதான் நல்ல விசாரணையாளர் "சிவப்புச் சட்டையா?" என்று கேட்கமாட்டார். "நீங்கள் நின்ற இடத்தை மனத்தில் கொண்டுவாருங்கள், சின்ன விஷயமானாலும் விடாமல் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருப்பார். 1980-களில் பிஷர், கைசல்மன் என்ற அமெரிக்க அறிஞர்கள் வகுத்த முறை இது.

நமக்குரிய பாடம்

1. குழந்தையைக் காணோம் என்றால் தாமதம் வேண்டாம். 1098 அல்லது 112-ஐ அழையுங்கள். காணாமற்போன குழந்தை பற்றிய புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியிருக்கிறது.

2. பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சியாக நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. வீட்டில்தான் விசாரிக்கவேண்டும்.

3. நம் நாட்டில் போலீசார் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, தமிழில் திருப்பிக் கேளுங்கள்.

4. மொழிபெயர்ப்பவர் உறவுச் சொற்களை விளக்கவேண்டும். மாமா, அண்ணா, அக்கா எல்லாம் நம்மிடம் உறவு மட்டுமல்ல, மரியாதையும்கூட.

5. "போனான்" வேறு, "போனானாம்" வேறு, "போன மாதிரி இருந்தது" வேறு. தமிழில் ஒரு விகுதி செய்யும் வேலைக்கு இந்தியில் தனி வாக்கியமே தேவைப்படலாம். அதை விழுங்கிவிடாதீர்கள்.

6. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

மேடலின் இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் குடியிருப்புப் பையன் அன்றே கிடைத்துவிட்டான். இன்று அவனே ஒரு தகப்பன். ஆனாலும் அந்த இரவில், "எந்த மாமா, கண்ணு?" என்று அந்தச் சிறுமியிடம் நான் கேட்டிருக்கலாம். இரண்டே சொற்கள். கேட்டிருந்தால் ஒரு நல்ல மனிதர் மூன்றரை மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கமாட்டார்.