பனிக்காலத்தில் ருஷ்யாவைக் கடப்போம்

உலகிலேயே மிகப் பெரிய நாடு ருஷ்யா. அதன் பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 71 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் பாரதத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். மேற்கே தலைநகர் மாஸ்கோவிலிருந்து கிழக்கே பசிபிக் கரையிலுள்ள விளாடிவாஸ்டாக் வரை செல்லும் சைபீரிய இருப்புப் பாதையின் நீளம் 9,288 கிலோமீட்டர். எங்கும் தங்காமல் சென்றால் ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும். வழியிலுள்ள ஊர்களையும் பார்க்க மூன்று வாரம் வேண்டும். தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிப்ரவரி மாதத்தில் நாம் அப்பிரயாணத்தை மேற்கொள்வோமா?

கோடையை விட்டுவிட்டுக் கடுங்குளிரிலா என்று சிலர் கேட்கலாம். சைபீரியாவின் இயற்கையையும், அங்கே மக்கள் பட்ட பாட்டையும் அறிந்துகொள்ளக் குளிர்காலமே ஏற்றது.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரி வரை குளிர் இறங்கினாலும் புகைவண்டிப் பெட்டி வெதுவெதுப்பாகவே இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் கோடியிலும் தேநீருக்குக் கொதிநீர் தரும் கொதிகலன் உண்டு. பெரிய நிலையங்களில் பணியாளர்கள் இரும்புக் கம்பிகளால் பெட்டிகளின் அடியில் உறைந்த பனிக்கட்டியை உடைத்துத் தள்ளுவார்கள்.

1,777-வது கிலோமீட்டரில் யூரல் மலைப்பகுதியில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அதைத் தாண்டினால் ஐரோப்பா முடிந்து ஆசியா தொடங்குகிறது. அடுத்து ஓப் நதி. 1893-ல் அதன் குறுக்கே பாலம் கட்டத் தொடங்கியபோது உருவான குடியிருப்பே இன்று 16 லட்சம் மக்கள் வாழும் நோவோசிபிர்ஸ்க் நகரம்.

மேலும் கிழக்கே சென்று இர்குட்ஸ்க் நகரில் இறங்குவோம். மன்னராட்சிக்கு எதிராக 1825-ல் கிளர்ச்சி செய்த பிரபுக்கள் பலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களில் ஒருவரின் இளம் மனைவி மரியா வோல்கோன்ஸ்கயா. தம் செல்வத்தையும் பட்டத்தையும் துறந்து, பச்சிளம் மகனைப் பிரிந்து, 1826-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வண்டியில் கணவரைத் தேடிப் புறப்பட்டார். அம்மகனை அவர் மீண்டும் காணவேயில்லை. குழந்தை 1828-ல் இறந்துபோயிற்று. பிற்காலத்தில் அக்குடும்பம் இர்குட்ஸ்கில் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அதே நகரில், நாடு கடத்தப்பட்டு வந்த போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் 1884-ல் கட்டி முடித்த தேவாலயத்தையும் காணலாம். சொந்த மண்ணை இழந்தும் அவர்கள் விசுவாசத்தை இழக்கவில்லை.

அடுத்தது பைக்கால் ஏரி. உலகிலேயே ஆழமான இதன் ஆழம் 1,642 மீட்டர். ஜனவரியில் உறையத் தொடங்கும் ஏரியின் மேல் பிப்ரவரியில் மோட்டார் வண்டிகளே ஓடும். 1904-ல் ஜப்பானுடன் போர் மூண்டபோது ஏரியைச் சுற்றிய பாதை முடிந்திருக்கவில்லை. எனவே பனிக்கட்டியின் மீதே தண்டவாளம் போட்டார்கள்! கனமான எஞ்சின்களைப் பிரித்து, குதிரைகளைக் கொண்டு இழுத்துச் சென்றார்கள்.

இவ்வளவு குளிரிலும் அடியில் மீன்கள் உயிர் வாழ்வது எப்படி? நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிக அடர்த்தி பெறுகிறது என்று பௌதிகப் பாடத்தில் படித்திருக்கிறோம். அதனால் பனிக்கட்டி மேலே மிதந்து, கீழுள்ள நீருக்குப் போர்வையாகிறது. நன்னீரில் மட்டுமே வாழும் பைக்கால் சீல் தன் நகங்களால் பனியில் துளையிட்டு மூச்சு விடுகிறது. படைத்தவரின் ஞானத்தை என்னென்பது!

இறுதியாக விளாடிவாஸ்டாக். தெற்குப் பிரான்சின் அட்சரேகையை ஒட்டியே இந்நகரம் உள்ளது. எனினும் இதன் விரிகுடாக்கள் உறைந்து கிடக்கும். குளிர்காலத்தில் சைபீரிய நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் கடுங்குளிர்க் காற்றே காரணம்.

1891-ல் தொடங்கிய இப்பாதை, அமூர் நதிப் பாலம் முடிந்த 1916-ல்தான் முழுவதும் ருஷ்ய மண்ணிலேயே அமைந்தது. குடியானவர்களும் போர்வீரர்களும் கைதிகளும் இதற்காக உழைத்தனர். அவர்களில் பலருடைய பெயர் எந்த நிலையத்திலும் எழுதப்படவில்லை. வெதுவெதுப்பான பெட்டியில் அமர்ந்து தேநீர் அருந்தும் பயணி, சன்னலுக்கு வெளியே ஓடும் வெண்பனியைப் பார்க்கும்போது அவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும்.