உடல் கற்றதைக் கண் காணும்

நுழையும்முன்
ஒரே நடனத்தை அருகருகே அமர்ந்து காணும் இருவர் ஒன்றையேதான் காண்கின்றனரா? காண்பது கண்ணின் தொழில் மட்டுமன்று. பழகிய உடலுக்கும் அதில் பங்குண்டு என்கிறது நரம்பியல்.

பாலே, ஐரோப்பாவின் மேடை நடனம். கப்போயிரா, நடனமும் தற்காப்பும் இணைந்த பிரேசில் நாட்டுக் கலை. இவ்விரு கலைகளின் வல்லுநர்களையும் நடனம் பயிலாதோரையும் கொண்டு, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை மேற்கொண்டு 2005ஆம் ஆண்டு வெளியிட்டனர். பங்கேற்றோர் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் அசையாது படுத்தவாறு இருவகை ஆட்டங்களின் காட்சிகளையும் கண்டனர். தாம் பயின்ற ஆட்டத்தைக் கண்டபோது, உடலசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் கலைஞர்களிடம் மிகுதியாகச் செயல்பட்டன. பயிலாதோரிடம் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். இவ்வேறுபாடு ஆடிப் பழகியதால் விளைந்ததா, பலமுறை பார்த்துப் பழகியதால் விளைந்ததா? இதற்கு அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு விடையளித்தது. பாலேவில் ஆண்கள் மட்டுமே ஆடும் அசைவுகளும் பெண்கள் மட்டுமே ஆடும் அசைவுகளும் உள்ளன. இருபாலரும் ஒன்றாகப் பயில்வதால் மற்றவர் அசைவுகளை நன்கு பார்த்திருப்பர், ஆனால், ஆடியிருக்கமாட்டார்கள். தாம் ஆடும் அசைவுகளைக் கண்டபோதுதான் இயக்கத்திற்குரிய பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. ஆகவே, கண்பழக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று என்பது தெளிவாயிற்று.

இப்பயிற்சியின் பயன் என்ன? 2008ஆம் ஆண்டு வெளியான இத்தாலிய ஆய்வொன்று இதனை விளக்கும். கூடைப்பந்தை வளையத்தை நோக்கி எறியும் காட்சிகள் இடையில் நிறுத்தப்பட்டு, பந்து வளையத்துள் விழுமா எனக் கேட்கப்பட்டது. ஆட்டத்தை நெடுங்காலம் கண்டுவந்த பயிற்சியாளர்களையும் இதழாளர்களையும்விட, விளையாட்டு வீரர்கள் விரைவாகவும் சரியாகவும் கணித்தனர். பந்து கையைவிட்டு நீங்குமுன்னரே எறிபவரின் உடலசைவிலிருந்து அதன் முடிவை அவர்கள் உய்த்துணர்ந்தனர்.

பிறர் செயலைக் காணும்போது மூளை தன் உடலின் அனுபவத்தையும் துணைக்கொள்கிறது. பார்த்துக் கற்கிறோம் என்பது உண்மை. செய்து கற்றபின் பார்வையே மாறுகிறது என்பதும் உண்மை. பயிற்சி, செய்யும் திறனோடு காணும் திறனையும் வளர்க்கிறது.

கற்பவை கற்றபின்
1. கண்பழக்கம், உடற்பழக்கம் இரண்டையும் 2006ஆம் ஆண்டு ஆய்வு எவ்வாறு வேறுபடுத்தியது? விளக்குக.
2. நீங்கள் பயின்ற கலை அல்லது விளையாட்டில், பயிலாத நண்பர் காணத் தவறும் நுட்பம் ஒன்றை வகுப்பில் எடுத்துரைக்க.