ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் சிறையில்: மனநோயை நீதிமன்றத்தில் சொல்லலாமா?

கேள்வி: என் கணவர் 17 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து, 2016-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். காஷ்மீரில் இரண்டு முறை, தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தவர். ஊருக்கு வந்த நாளிலிருந்து சரியான தூக்கம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு இரும்புக் குழாயை வைத்துக்கொண்டுதான் படுப்பார். போன வாரம் ராத்திரி திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தவரை, பைக்கை நகர்த்தச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையன் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். இவர் எழுந்த வேகத்தில் குழாயால் அடித்துவிட்டார். பையனுக்குத் தலையில் ஆறு தையல். இவர் அன்று கொஞ்சம் குடித்தும் இருந்தார். போலீஸ் 296(பி), 118(1), 351(3) பிரிவுகளில் வழக்குப் போட்டு ரிமாண்ட் செய்துவிட்டார்கள். "புத்தி சரியில்லை என்று சொன்னால் விடுதலை ஆகிவிடலாம்" என்கிறார் ஒரு வக்கீல். ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனபோது, "என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிடாதே, பென்ஷன் போயிடும்" என்று அவர் அழுகிறார். நான் என்ன செய்ய?

*பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர் மாவட்டம்*

பதில்: சகோதரி, மனநோய் இருக்கிறது என்பதற்காக யாருடைய பென்ஷனையும் நிறுத்த முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்டதாலோ, ரிமாண்டில் இருப்பதாலோ பென்ஷன் போய்விடாது. கடுமையான குற்றத்தில் தண்டனை உறுதியானால்தான் அந்தக் கேள்வியே எழும். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்.

அந்த வக்கீல் சொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84. மனநலம் குன்றியதால், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு என்றோ அந்த நேரத்தில் அறிய முடியாத நிலையில் ஒருவர் இருந்திருந்தால், அவர் செய்தது குற்றமாகாது. டாக்டர் சொல்லும் மனநோய் வேறு, இந்தப் பிரிவு கேட்கும் நிலை வேறு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்) என்று சர்டிபிகேட் இருந்தாலே போதாது.

உங்கள் கணவர் தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பப்பட்டவர். அந்த முதல் சில விநாடிகளுக்கு இந்த வாதத்தை வைக்க இடமிருக்கிறது. அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பது 1964-ன் தாஹ்யாபாய் தீர்ப்பு. ஆனால் ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான 118(1) தவிர, போலீஸ் போட்டிருக்கும் மற்ற இரண்டு பிரிவுகளைப் பாருங்கள். 296(பி) ஆபாசமாகத் திட்டியது, 351(3) கொலை மிரட்டல் விடுத்தது. நம் ஊர்ப் போலீஸ் அடிதடி வழக்கென்றாலே இந்த இரண்டையும் சேர்த்துவிடுவது வழக்கம்தான். என்றாலும் "திட்டினார், மிரட்டினார் என்றால் சுயநினைவோடுதானே இருந்தார்?" என்று அரசுத் தரப்பு கேட்கும். குடித்திருந்ததும் எதிராகவே நிற்கும்; தானாகக் குடித்தவருக்குச் சட்டம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. அதையும் மீறி இந்தக் காரணத்தால் விடுதலை கிடைத்தாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம் என்று இல்லை. செய்தது அவர்தான் என்று நீதிமன்றம் கருதினால், பாதுகாப்பான இடத்தில் வைக்கவோ, உறவினரிடம் பொறுப்பாக ஒப்படைக்கவோ உத்தரவிடும்.

அதனால் 22-வது பிரிவை மட்டும் நம்பி வழக்கை நடத்த வேண்டாம். அதே சமயம் நோயை மறைக்கவும் வேண்டாம். ஜாமீனிலும், சிறைக்குள்ளும், தண்டனை பேசும் கட்டத்திலும் இந்த நோய்தான் உங்களுக்கு உதவப்போகிறது. அதற்கு அது முதல் நாளிலிருந்தே கோர்ட் ரெக்கார்டில் ஏறியிருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், ஓய்வுபெறும் முன் நடந்த மெடிக்கல் போர்டு தாள்களையும் தேடி எடுங்கள். ராணுவத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தில் குறிப்பார்கள். அதில் முதல் எழுத்தான 'எஸ்' மனநிலைக்கு உரியது. 'எஸ்-1' என்றால் குறையில்லை. 'எஸ்-2', 'எஸ்-3' என்று இருந்தால் ராணுவமே அவரது மனநிலையில் பாதிப்பைப் பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மருந்துச் சீட்டுகள், மிலிட்டரி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன சீட்டு, எது இருந்தாலும் நகலெடுத்து ஜாமீன் மனுவோடு சேருங்கள். எதுவுமே இல்லையென்றால், அரசு மனநல மருத்துவரை வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடும்படி மனு போடலாம்.

118(1)-ல் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுதான் என்பதால் மாஜிஸ்திரேட்டே ஜாமீன் தரலாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும் என்ற 2014-ன் அர்னேஷ் குமார் தீர்ப்பையும் உங்கள் வக்கீல் எடுத்துக்காட்டட்டும். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமை.

இதைவிட அவசரமானது மருந்து. அவர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர் என்றால், அது திடீரென்று நிற்பது ஆபத்து. மாத்திரைப் பெயர்களை எழுதி, சீட்டின் நகலோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு இன்றே மனு கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். மனநோய் உள்ள சிறைவாசிக்குச் சிகிச்சை தர வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 103-வது பிரிவு. குடிப்பழக்கம் உள்ளவர் திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து வரலாம். குடிப்பதையும் மறைக்காமல் அதே மனுவில் எழுதுங்கள்.

இனி தண்டனைக் கட்டம். அமெரிக்காவில் 2008-ல் பஃபலோ நகரில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஒரு சிகிச்சை நீதிமன்றம் தொடங்கினார்கள். அங்கே ஜெயிலுக்குப் பதில், நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சை. அடுத்த ஆண்டு, கொரியப் போரில் சண்டையிட்ட ஒருவரின் மரண தண்டனை வழக்கில், அவரது போர்க்கால அனுபவத்தை வக்கீல் எடுத்துச் சொல்லாதது பெரிய குறை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்கொருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் உள்ள வேலூர் மாவட்டத்தில் இப்படி ஒரு நீதிமன்றம் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனால் நம்மிடம் நன்னடத்தைச் சட்டம், 1958 இருக்கிறது. குற்றம் நிரூபணமானாலும், அதன் 4-வது பிரிவில், சிறைக்கு அனுப்பாமல் பாண்டு எழுதி வாங்கி விடலாம். குடிக்கக் கூடாது என்றும் நிபந்தனை போடலாம். சிகிச்சைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையை நீங்களே கேளுங்கள். உங்கள் வழக்கில் நான் அதிகம் நம்புவது இந்தப் பிரிவைத்தான்.

தலையில் ஆறு தையலோடு இருக்கும் பையனையும் மறந்துவிடாதீர்கள். ஆனால் நீங்கள் நேரே போய்ப் பேசினால் சாட்சியை மிரட்டியதாக ஆகிவிடலாம். வக்கீல் மூலம் பேசி, மருத்துவச் செலவை ஏற்பதாகச் சொல்லுங்கள். பின்னால் சமரசம் ஏற்பட்டால், உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம்.

வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் நீங்கள் தொட வேண்டாம். காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ரசீது வாங்குங்கள்.

மெடிக்கல் போர்டு தாளில் மன பாதிப்பு பதிவாகி, ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்டிருந்தால், சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சேரும்போது இல்லாத நோய் பணியில் வந்தால், அது பணியால் வந்தது என்றே கருத வேண்டும் என்பது 2013-ன் தரம்வீர் சிங் தீர்ப்பு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். ஜாமீன் கிடைத்ததும் அவரை இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போய் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் சீட்டை அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்யுங்கள். அதுவரை உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.