துணை விளக்கும் எதிரே வருபவர் கண்ணும்

மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் போகும் இளைஞர்கள் நம் சங்கக் குடும்பங்களில் பெருகி வருகிறார்கள். ஓணம், பொங்கல் விடுமுறை வந்தால் ஒருவர் பொன்முடிக்குப் போகிறார், இன்னொருவர் திருநெல்வேலிக்குப் போகிறார். இவர்களில் பலர் முகப்பு விளக்கின் இருபுறமும் இரண்டு சிறிய துணை விளக்குகளைப் பொருத்த விரும்புகிறார்கள். "எந்த விளக்கு வாங்கலாம் அண்ணே?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. "வாங்கிய விளக்கை எப்படிச் சரிசெய்வது?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்பதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் திருப்புறத்தில் வசிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாத இரவில், திருநெல்வேலியிலிருந்து மனைவியுடன் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு பைகளும் இருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றையும், மார்த்தாண்டம் நெரிசலையும், களியக்காவிளை எல்லையையும் கடந்தாயிற்று. அந்த வாரம்தான் பொருத்திய புது விளக்குகள் பகல்போல் ஒளி வீசின. எனக்கு உள்ளூரப் பெருமை. பாறசாலை தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப்பாதையில் திரும்பியபோது எதிரே ஒரு முதியவர் நடந்து வந்தார். என் வெளிச்சம் பட்டதும் கையால் கண்ணை மறைத்தார், ஓர் அடி ஒதுங்கினார், ஓரத்து வாய்க்காலில் விழுந்துவிட்டார்.

வண்டியை நிறுத்தி ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலில் சிராய்ப்பு, வேட்டியெல்லாம் சேறு. நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "வெளிச்சம் கண்ணிலடிச்சப்ப வழி கண்டில்ல, மோனே" என்று மட்டும் சொன்னார். நான் டிம்மில்தான் வந்தேன், வேகமும் குறைவுதான். பிறகு எப்படி அவர் கண்ணில் வெளிச்சம் அடித்தது? வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்ததுதான் இந்தக் கட்டுரை.

துணை விளக்கு எதற்கு?

முதலில் தேவையைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. தடையைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 23 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 48 மீட்டர். மழையில் இது 60 மீட்டரை எட்டும். 80 கிலோமீட்டர் வேகமென்றால் உலர்ந்த சாலையிலேயே சுமார் 75 மீட்டர், மழையில் 95 மீட்டர் தேவை. டிம் வெளிச்சத்தில் கறுத்த உடை அணிந்து நடப்பவர் 40 மீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரிவதே அரிது. நடைபாதையில்லாத நம் எல்லையோரச் சாலைகளில் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த வெளிச்சம் சாலையில் விழ வேண்டும், எதிரே வருபவர் முகத்தில் விழக்கூடாது.

இரண்டு வகை

துணை விளக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பனிமூட்ட விளக்கு. இது தாழ்வாகப் பொருத்தப்படுவது. ஒளி அகலமாக விரியும், மேல்விளிம்பு கத்தரித்தாற்போல் நேராக இருக்கும். மழையிலும் பனியிலும் சாலையின் ஓரங்களைக் காட்டும். வண்டி வளைவில் சாயும்போது முகப்பு விளக்கின் ஒளியும் கூடவே சாய்ந்து, வளைவின் உட்புறம் இருண்டுபோகும். அந்த இருட்டையும் இந்த அகன்ற ஒளி ஓரளவு நிரப்பும். பொன்முடியின் 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறியவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

மற்றொன்று, தொலைவு விளக்கு. ஒளி குறுகலாக நெடுந்தூரம் பாயும். இதை 'பிரைட்' ஒளியோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். எதிரில் ஒருவரும் இல்லாத சாலைக்கு மட்டுமே இது ஏற்றது.

மஞ்சளா, வெள்ளையா என்ற வழக்கு பழையது. பிரான்சு நாட்டில் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கே விதியாக இருந்தது. மஞ்சளில் கண்கூச்சம் சிறிது குறைவாகத் தோன்றும் என்பது உண்மையே. ஆயினும் தவறாகத் திருப்பி வைத்த மஞ்சள் விளக்கு, சரியாகத் திருப்பிய வெள்ளை விளக்கைவிடக் கெடுதலானது. நிறத்தைவிடக் கோணமே முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்குமுன் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை அது கூசச் செய்யக்கூடாது. 111ஆம் விதி, தேடுவிளக்கு போன்றவற்றை வண்டியின் முன்புறம் வைப்பதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கேரளத்தில் இந்தச் சோதனை கடுமையாகவே நடக்கிறது. ஆகவே, நம் வண்டிக்கு எது அனுமதிக்கப்பட்டது என்பதை நெய்யாற்றின்கரை அல்லது பாறசாலை வாகன அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வண்டி நிறுவனமே தன் துணைப்பொருளாக விற்கும் விளக்கைப் பற்றியும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மின் இணைப்பு

55 வாட் ஹாலோஜன் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர். 20 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு என்றால் 3 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கும் எப்போதும் எரிகிறது. எனவே வண்டியின் மின்னாக்கியில் மிச்சம் எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே விளக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைப்பிடியில் உள்ள சிறிய சுவிட்சு வழியாக இத்தனை மின்சாரத்தையும் ஓடவிடக் கூடாது, ரிலே கட்டாயம் வேண்டும். பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கும், 87ஆம் முனையிலிருந்து விளக்குக்கும் கம்பி போகும். 85, 86 ஆகிய இரண்டும் சுவிட்சுக்கும் எர்த்துக்கும் உரியவை. ஃபியூஸைப் பாட்டரிக்கு மிக அருகிலேயே வைக்க வேண்டும். மேற்சொன்ன எல்.இ.டி. இணைக்கு 5 ஆம்பியர் ஃபியூஸும், ஹாலோஜனுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸும் அதைத் தாங்கும் கம்பியும் பொருந்தும்.

ஒன்றை மறக்கக்கூடாது. தொலைவு விளக்கின் ரிலேயை 'பிரைட்' கம்பியோடு இணைக்க வேண்டும். அப்போது டிம் அடித்தால் இதுவும் கூடவே அணையும். தனிச் சுவிட்சில் வைத்தால், அவசரத்தில் கை தேடும் நேரத்துக்குள் எதிரே வருபவர் கண்ணிழந்திருப்பார்.

சரிசெய்யும் முறை

இனி, என் தவறு எங்கே இருந்தது என்பதைச் சொல்கிறேன். விளக்கைப் பொருத்தியவர் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி வைத்தே கோணத்தைச் சரிசெய்திருந்தார். நடுத்தாங்கியில் பின்சக்கரம் தூக்கி நிற்கும், முன்புறம் தாழ்ந்திருக்கும். அந்த நிலையில் ஒளி சுவரில் விளக்கின் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே விழுந்தது. நானும் பார்த்துத் தலையாட்டினேன்.

மறுநாள் வீட்டுச் சுவரின் முன் சோதித்தேன். தாங்கியை எடுத்து நான் மட்டும் உட்கார்ந்தபோது, ஒளியின் விளிம்பு மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே வந்து நின்றது. மனைவியும் ஏறி, பைகளையும் கட்டியதும் வண்டியின் பின்புறம் இன்னும் 5 செ.மீ. அமுங்கியது. சக்கரங்களுக்கிடையே உள்ள தூரம் 140 செ.மீ. 5ஐ 140ஆல் வகுத்தால் நூற்றுக்கு மூன்றரைக்கு மேல். அதாவது 7.5 மீட்டர் தூரத்துச் சுவரில் ஒளி 27 செ.மீ. மேலே ஏறிவிட்டது. விளக்கு மட்டத்துக்கு 22 செ.மீ. மேலே! இதே சாய்வில் 30 மீட்டர் தூரத்தில் கணக்கிட்டால் 88 செ.மீ. உயர்வு. தரையிலிருந்து விளக்கின் உயரமான 65 செ.மீ.யைக் கூட்டினால் ஒன்றரை மீட்டர். நடந்து வருபவரின் கண் உயரம் அதுதான். 8 மீட்டரில் அவர் நெஞ்சுக்குக் கீழே இருக்கும் ஒளி, 30 மீட்டரில் கண்ணுக்கு ஏறிவிடுகிறது.

ஆகவே இம்முறையைப் பின்பற்றுங்கள்:

1. சமதளமான தரையில், சுவரிலிருந்து முன்விளக்குக்கு 7.5 மீட்டர் தூரம் வைத்து வண்டியை நிறுத்துங்கள். தாங்கி வேண்டாம், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

2. டயர்களின் காற்றழுத்தம் கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும். பின்புற ஸ்பிரிங்கை, இருவர் போவதற்கு உரிய இறுக்கத்தில் வையுங்கள்.

3. பயணத்தில் யார் யார் இருப்பார்களோ அவர்கள் ஏறி உட்கார வேண்டும். பைகளும் கட்டியிருக்க வேண்டும்.

4. தரையிலிருந்து துணை விளக்கின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒட்டுநாடாவால் ஒரு கோடு போடுங்கள். வண்டியின் நடுவுக்கு நேராக ஒரு நெடுங்கோடும் போடுங்கள்.

5. முதலில் முகப்பு விளக்கைக் கையேட்டின்படி சரிசெய்யுங்கள். அது சரியில்லாமல் துணை விளக்கைத் தொட வேண்டாம்.

6. ஒரு துணை விளக்கை அட்டையால் மறைத்து, மற்றொன்றைச் சரிசெய்யுங்கள். பனிமூட்ட விளக்கின் மேல்விளிம்பு கோட்டுக்கு 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். 65 செ.மீ. உயரத்து விளக்கின் ஒளி அப்போது 32 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். தொலைவு விளக்கின் ஒளிமையம் 7.5 செ.மீ. கீழே இருந்தால் போதும், 65 மீட்டர் வரை எட்டும்.

7. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருபவர் வலப்பக்கம் வருகிறார். எனவே வலது விளக்கு நெடுங்கோட்டைத் தாண்டி வலப்புறம் திரும்பியிருக்கக் கூடாது. இடது விளக்கை ஓரத்தை நோக்கிச் சற்றே திருப்பலாம்.

8. திருகை இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். இறுக்கும்போதே கோணம் நழுவுவது வழக்கம். பெயிண்டால் ஒரு சிறு கோடு போட்டு வைத்தால், அதிர்வில் நகர்ந்தாலும் தெரிந்துவிடும்.

கடைசியாக, இருட்டியபின் வண்டியை இதே பாரத்துடன் நிறுத்திவிட்டு, நீங்களே 30 மீட்டர் எதிரே போய் நின்று வண்டியைப் பாருங்கள். குனிந்தும், நிமிர்ந்தும் பாருங்கள். கண் கூசினால் இன்னும் தாழ்த்துங்கள்.

தனியாகப் போகும்போது ஒளி சற்றுக் குறைந்த தூரத்தில் விழும். அதைப் பொறுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கலாம். பிறர் கண்ணில் அடிப்பதைவிட இது மேல்.

பயன்படுத்தும் விதம்

ஊருக்குள், தெருவிளக்கு உள்ள இடத்தில் துணை விளக்கு தேவையே இல்லை. எதிரே வண்டியோ, ஆளோ வந்தால் தொலைவு விளக்கு உடனே அணைய வேண்டும். முன்னே போகும் வண்டியின் கண்ணாடியிலும் நம் ஒளி அடிக்கும் என்பதை மறக்கலாகாது. பெருமழையில் 'பிரைட்' போட்டால் மழைத்துளிகளே வெள்ளைத் திரையாகிவிடும். அப்போது டிம்மும் தாழ்ந்த பனிமூட்ட விளக்கும் போதும். எதிரே ஒருவர் டிம் அடிக்காமல் வந்தால், பதிலுக்கு நாமும் பிரைட் போட்டுப் பழிவாங்கக் கூடாது. சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து, வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும். வயது ஏற ஏற, கூசிய கண் மீண்டும் தெளிய அதிக நேரம் ஆகும். நமக்கு ஒரு நொடி, முதியவருக்குப் பல நொடிகள். அந்த நொடிகளில் அவர் குருடரே.

அந்த விளக்குகளைக் கழற்றிவிட்டேன். வாகன அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒளி குறைவான வேறொரு இணையைப் பொருத்தியிருக்கிறேன். சுவரில் ஒட்டிய நாடாவை மட்டும் எடுக்கவில்லை. ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் மனைவி பையோடு வந்து பின்னால் ஏறி உட்காருகிறாள். "கோடு சரியா இருக்கா?" என்று அவளே கேட்கிறாள். பத்து நிமிட வேலைதான். அடுத்த விடுமுறைக்குப் புறப்படுமுன் நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.